குதிரைச் சின்னமும் புரூக்ளின் இளைஞரும்

ஒருவர் பிறர்க்குரிய உடையை விரும்பி அணியுங்கால் அதனைப் ‘போலச் செய்தல்’ என்று கூறி அமைதல் எளிது. இலக்கிய ஆராய்ச்சியிலும் இவ்வெளிமை உண்டு. ஒரு காப்பியம் பிறமொழிக் கதையைத் தழுவியது என்று அறிந்த அளவிலேயே, அதன் தனித்தன்மையை ஆராயாது, தழுவல் என்னும் ஒரு சொல்லால் அதனை அளந்துவிடுவார் உளர். உடை பற்றிய ஆராய்ச்சியில் இப்போக்கு இன்னும் மிகுதி. உயர்ந்தோர் உடையைத் தாழ்ந்தோர் அணிந்தால் அஃது ஏக்கத்தின் வெளிப்பாடு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பொருந்தாத ஓர் இடத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் 1988ஆம் ஆண்டு ‘லோ லைஃப்ஸ்’ என்ற பெயரால் ஓர் இளைஞர் கூட்டம் தோன்றியது. ரால்ஃப் லாரென் என்பாரின் ‘போலோ’ உடைகளையே தலை முதல் கால் வரை அணிதல் அக்கூட்டத்தின் அடையாளம். அவ்வுடைகளை அவர்கள் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கியவர் அல்லர்; கடைகளிலிருந்து களவாடியவர். அவர்தம் செயல் போலச் செய்தல் அன்று, ஒரு சின்னத்தை அதன் இடத்தினின்று பெயர்த்து வேறு பொருள்படச் சூடிய செயல் என்பது நம் கருத்து. அச்செயலில் குற்றமும் குருதியும் கலந்திருந்தன. அவற்றை மறைத்து எழுதுவது பாராட்டுரையாகுமேயன்றித் திறனாய்வு ஆகாது.

முதலில் கூட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். புரூக்ளினில் கிரௌன் ஹைட்ஸ், பிரவுன்ஸ்வில் என்னும் இரு பகுதிகளில் இரண்டு கூட்டங்கள் இருந்தன. முன்னதன் பெயர் ‘ரால்ஃபீஸ் கிட்ஸ்’, அஃதாவது ரால்ஃபின் பிள்ளைகள். பின்னதன் பெயர் ‘யுனைடெட் ஷாப்லிஃப்டர்ஸ் அசோசியேஷன்’, அஃதாவது கடைக்களவர் ஐக்கியச் சங்கம். இப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘யு.எஸ்.ஏ.’ என வரும். நாட்டின் பெயரும் களவர் சங்கத்தின் பெயரும் ஒன்றாகிவிடும் நகைச்சுவை கருதத்தக்கது. இவ்விரண்டும் இணைந்தே லோ லைஃப்ஸ் ஆயின. உறுப்பினருட் பெரும்பாலோர் கறுப்பின இளைஞரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமாவர்.

‘லோ லைஃப்’ என்னும் தொடரையும் நோக்குக. ஆங்கிலத்தில் அது இழிந்த வாழ்வினன் என்று பொருள்படும் வசைச்சொல். ‘போலோ’ என்னும் பெயரின் ஈற்றசையும் ‘லோ’வே. வசையை ஏற்றுக்கொண்டு, அதனுள் தாம் போற்றும் பெயரைப் புதைத்து, இரண்டையும் ஒருங்கே அணிந்துகொண்டனர். ‘அன்பும் பற்றுறுதியும்’ என்பது அவர்தம் முழக்கம். ஆங்கிலத்தில் அதன் இரு சொற்களும் ‘லோ லைஃப்’ போலவே லகரத்தில் தொடங்குவன. கூட்டத்தை நிறுவியோருள் ஒருவராகிய ராப் பாடகர் ‘தர்ஸ்டின் ஹௌல்’ என்று பெயர் பூண்டார். 1964 முதல் 1967 வரை ஒளிபரப்பான ‘கில்லிகன்ஸ் ஐலண்டு’ என்ற நகைச்சுவைத் தொடரில் தீவொன்றில் சிக்கிக்கொண்ட கோடீசுவரர் ஒருவர் வருவார். அவர் பெயர் ‘தர்ஸ்டன் ஹௌவெல்’, அப்பெயர் பூண்டோருள் மூன்றாமவர். அப்பெயரில் ஓரிரண்டு எழுத்துகளை மாற்றியதும் முன்சொல்லில் தாகம் என்னும் பொருளும் பின்சொல்லில் ஊளை என்னும் பொருளும் தோன்றிவிடுகின்றன. மூன்றாமவர் என்னும் வரிசை எண்ணையும் அவர் விடவில்லை! செல்வர் பெயரைக் கேலியோடு எடுத்துத் தம் பசியை அதனுள் எழுதும் திறன் இது. இத்திறனை நினைவிற்கொண்டே அவர்தம் உடையையும் படித்தல் வேண்டும்.

இனி, அவர்கள் எடுத்துக்கொண்ட சின்னம் யாது? குதிரைமேல் அமர்ந்து கோலோங்கும் போலோ ஆட்டக்காரன் உருவம் அது. ரால்ஃப் லாரென் 1939இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். பெலாருசிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோர்க்கு மகன். தந்தையார் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலினர். ‘லிஃப்ஷிட்ஸ்’ என்னும் குடும்பப் பெயர் இளம்பருவத்திலேயே ‘லாரென்’ ஆயிற்று. 1818இல் தோன்றிய ‘புரூக்ஸ் பிரதர்ஸ்’ என்னும் பழைய உடைக்கடையில் சிலகாலம் விற்பனையாளராக இருந்து, 1967இல் ‘போலோ’ என்ற பெயரில் கழுத்துப்பட்டைகளை விற்கத் தொடங்கினார். 1972இல் குதிரைச் சின்னம் பொறித்த பருத்திச் சட்டை 24 நிறங்களில் வந்தது. 1986இல் மன்ஹாட்டனின் மேடிசன் நிழற்சாலையில் பழைய செல்வர் மாளிகை ஒன்றே கடையாயிற்று. மரப்பலகை பதித்த சுவர்களும் முன்னோர் ஓவியங்களும் கொண்ட அக்கடையில் நுழைவார்க்குத் தாம் ஒரு பெருங்குடியின் விருந்தினர் என்ற உணர்வு உண்டாகும்.

அவர் விற்றது ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் அவற்றிற்கு மாணவரை அணியப்படுத்தும் தனியார் பள்ளிகளிலும் வழங்கிய உடைமரபு. அப்பள்ளிகளின் பெயரால் அதனைப் ‘பிரெப்பி’ என்பர். படகோட்டம், பனிச்சறுக்கு, குதிரையேற்றம், நாட்டுப்புறப் பெருமனை என்று ஒவ்வோர் உடையும் ஓர் இடத்தை நினைவூட்டும். நம் அகத்திணையில் கருப்பொருள் நிலத்தைக் காட்டுவது போல, இங்கே ஒரு பொத்தானும் ஒரு கொடியும் நிலத்தைக் காட்டுகின்றன. அந்நிலங்கள் விற்றவருக்கும் பிறப்பால் உரியன அல்ல என்பது நினைவில் இருக்கட்டும். 1925இல் வெளிவந்த ‘தி கிரேட் கேட்சுபி’ புதினம், பெயரை மாற்றித் தன்னைத்தானே ஆக்கிக்கொண்ட ஒருவனின் கதை. 1974இல் அது திரைப்படமானபோது ஆடவர் உடைகளை வழங்கியவர் லாரெனே. இதனைவிடப் பொருத்தமான பணி அவர்க்கு வாய்த்திருக்க முடியாது.

உயர்குடியினரின் ஓய்வையும் செலவையும் கண்டு கீழ்நிலையினர் அவற்றைப் பின்பற்றுவர் என்று தார்ஸ்டைன் வெப்ளென் 1899இல் எழுதினார். புரூக்ளின் இளைஞரைப் பற்றிப் பலரும் கூறும் விளக்கம் இக்கொள்கையின் நிழலே. இதனை முற்றும் புறக்கணிக்க இயலாது. மேடிசன் நிழற்சாலைக்கும் பிரவுன்ஸ்வில்லுக்கும் இடையே உள்ள தொலைவு அவ்விளைஞர் உள்ளத்தைச் சுட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்பற்றுவான் ஒருவன் முதற்கண் செய்வது யாது? தான் பின்பற்றுவாரினின்று வேறு தெரியாதவாறு நடத்தல். லோ லைஃப்ஸ் அவ்வாறு நடந்தாரல்லர்.

பிரெப்பி மரபில் உடை பழையதாக இருத்தல் சிறப்பு. கழுத்துப் பட்டி நைந்திருக்கலாம். முழங்கையில் ஒட்டுத்தோல் இருக்கலாம். தந்தையின் மேற்சட்டை மகனுக்கு வந்திருக்கலாம். செல்வம் நேற்று வந்ததன்று என்பதை நைவு காட்டும். 1980இல் லிசா பெர்ன்பாக்கு தொகுத்த ‘தி அஃபிஷியல் பிரெப்பி ஹேண்ட்புக்’ என்னும் நகைச்சுவை நூல் இவ்விலக்கணத்தை விரித்துரைக்கின்றது. சின்னமும் அங்கே சிறிதாய் ஒரு மூலையில் நிற்கும். அறிந்தார் அறிவர் என்பது கொள்கை. புரூக்ளினிலோ உடை புத்தம்புதிதாக இருத்தல் வேண்டும். மடிப்புக் கலையாது தேய்த்திருத்தல் வேண்டும். சின்னம் பெரிதாகவும், பலவாகவும், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிவதாகவும் இருந்தால் மதிப்பு மிகும். ஒரே சட்டை இரண்டு இலக்கணங்களில் இரண்டு பொருள் தருகின்றது. ஒலி ஒன்றாயினும் சொல் வேறு என்று கொள்ளும் நம் இலக்கணியர்க்கு இது புதிதன்று.

மேலும், பனிச்சறுக்கு மேலங்கி, படகோட்டியின் தொப்பி, வேட்டைக்காரனின் கால்சட்டை ஆகியவற்றை ஒருவனே ஒருங்கு அணிந்து 42ஆம் தெருவில் நிற்பான். உயர்குடியினர் கண்ணுக்கு இது பிழை. நாம் இதனைத் திணைமயக்கம் என்போம். ‘ஸ்னோ பீச்’ என்று பெயர் பெற்ற 1993ஆம் ஆண்டு மேலங்கியின் பெயரிலேயே பனிமலையும் கடற்கரையும் மயங்கிக் கிடக்கின்றன. இதனைக் கண்டு முறுவலியாத பொருளதிகார மாணவர் இரார்.

போலியை அவர்கள் ஏற்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது. அதே காலத்தில் ஹார்லெம் பகுதியில், 1982 முதல் 1992 வரை, ‘டாப்பர் டேன்’ என்னும் தையற்கலைஞர் ஐரோப்பிய நிறுவனங்களின் சின்னங்களைத் தோலில் தாமே அச்சிட்டு, அந்நிறுவனங்கள் கனவிலும் காணாத மேலங்கிகளைத் தைத்தார். அவர் சின்னத்தை எடுத்துக்கொண்டு பொருளைத் தாமே படைத்தார். புரூக்ளின் இளைஞர் பொருளை அப்படியே எடுத்துக்கொண்டு அணியும் முறையைப் படைத்தனர். இவ்விரு நெறிகளையும் ஒன்றாக்கிப் ‘பெருநிறுவன மோகம்’ என்று பெயரிடும் கட்டுரைகள் பல. அவற்றை எழுதினோர் உடையை உற்று நோக்கினாரல்லர் என்றே தோன்றுகின்றது.

களவு இங்கே நிகழ்ந்த முறையை ஆராயும்போது வெட்சித்திணை நினைவிற்கு வருதல் இயல்பு. இவர்கள் ‘பூஸ்டிங்’ என்று வழங்கிய அக்களவு தனியன் ஒருவன் மறைந்து செய்வது மட்டும் அன்று. பலர் கூடிச் சென்று கடையுட் புகுந்து அள்ளிக்கொண்டு வெளியேறுதலும் உண்டு. படையியங்கு அரவம், வேய், ஆகோள், பாதீடு, உண்டாட்டு என்னும் துறைகளை அறிந்தார் இந்நிகழ்ச்சிகளை அவ்வரிசையிலேயே கேட்பர். கடையின் வாயிலையும் காவலையும் முன்னரே ஒற்றி அறிதல், கூடிப் புறப்படுதல், கவர்தல், பகிர்தல், பின்னர்ப் பலர் காண அணிந்து திரிதல் என அவை தொடர்ந்தன. எல்லாவற்றினும் சிறந்தது பூ. புறத்திணைகளின் பெயர் வீரர் சூடும் பூவின் பெயர்; எப்பூச் சூடினான் என்பது எத்தொழில் மேற்கொண்டான் என்பதைக் கூறிவிடும். பூ தன்னளவில் வெறும் பூவே. தொழிலே அதற்குப் பொருள் தந்தது. போலோக் குதிரையும் அத்தகையதே. மேடிசன் நிழற்சாலையில் அது பணத்தைக் குறித்தது. புரூக்ளினில், இதனை அணிந்தவன் இதற்காகச் சென்று மீண்டவன் என்பதைக் குறித்தது. விலை கொடுத்து வாங்கியவனுக்கு அங்கே அவ்வளவு பெருமை இல்லாமைக்குக் காரணம் இதுவே.

இவ்வொப்புமையை எல்லைகடந்து நீட்டுதல் தகாது. தொல்காப்பியர் வெட்சி மறவரை வேந்தனால் விடுக்கப்பட்டவராகக் கூறுகின்றார். புறப்பொருள் வெண்பாமாலையோ மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இருவகை கொள்ளும். புரூக்ளின் இளைஞர் செயலை அவ்விரண்டாம் வகையிற்கூட அடக்குவதற்கு நமக்குத் தயக்கம் உண்டு. ஆகோளின் பின் போர் வரும் என்பது இருதிறத்தாரும் அறிந்த வழக்கு. கடையில் நின்ற காவலாளியும் விற்பனைப் பெண்ணும் அத்தகைய வழக்கிற்கு உடன்பட்டவர் அல்லர். வீரம் என்ற சொல்லைப் பெய்து களவை மெழுகிவிடுவது திணைக்கோட்பாட்டிற்கும் பெருமை தாராது.

ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். ஆக்களைக் கவர்தல் மட்டும் வெட்சி ஆகாது, அவற்றைக் கொணர்ந்து ஓம்புதலும் வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. இந்த ஓம்புதலை லோ லைஃப்ஸிடம் நாம் வியப்போடு காண்கின்றோம். எந்த மேலங்கி எந்த ஆண்டினது, எந்தச் சின்னம் எந்தத் தொகுதியில் வந்தது, கொடியில் எத்தனை நிறம், பின்புற எழுத்து தைத்ததா அச்சிட்டதா என்பன அவர்தம் கல்வி. ‘ஸ்டேடியம்’, ‘பி-விங்’, ‘கிரெஸ்ட்’, ‘குக்கி’, ‘ஸ்னோ பீச்’ என ஒவ்வோர் உடைக்கும் அதன்கண் உள்ள உருவாலோ எழுத்தாலோ பெயர் வழங்குகின்றது. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பாட்டின் தொடராலேயே புலவரைச் சுட்டிய நம் தொகுப்பாளர் செயலை இஃது ஒத்துள்ளது. பெயரிட்டு வகைப்படுத்தும் இடத்தில் வெறும் ஆசை நில்லாது, புலமை தோன்றிவிடும். 1990களின் தொடக்கத்து உடைகளை ஆண்டுவாரியாக அறிந்து காத்தவர்கள் அவற்றை ஒரு பருவத்துச் சரக்காக விற்று முடித்த வணிகர் அல்லர்; தெருவினரே.

இனி, ‘பிறர்க்குரியது’ என்று தொடக்கத்தில் கூறிய சொல்லையே ஐயுறல் வேண்டும். போலோ ஆட்டத்தை ஆங்கிலேயர் மணிப்புரியினரிடம் கற்றனர். தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர் 1859இல் சில்சாரில் கழகம் நிறுவிய பின்னரே அது பிற நாடுகளிற் பரவியது. பிரெப்பி உடைகளுள் ஒன்றாகிய பலநிறக் கட்டத் துணிக்கு அமெரிக்காவில் இன்றும் ‘மெட்ராஸ்’ என்பதே பெயர். அது சென்னைப் பகுதியின் கைத்தறித் துணி. ஐவி லீக் பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகிய யேல், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்த எலிஹு யேலின் பெயர் தாங்கியது. அவர் 1718இல் அக்கல்லூரிக்கு அனுப்பிய பொருள்களுள் ஒன்பது பொதிப் பண்டங்கள் இருந்தன; அவற்றை விற்ற பணம் கட்டடத்திற்கு உதவியது. அயலாரின் ஆட்டம், அயலாரின் துணி, வணிகத்திற் பெற்ற பெயர் ஆகியவற்றாற் கட்டிய மாளிகைக்குப் பழங்குடி மரபு என்று பெயர் வழங்கினால், அதன் வாயிலில் நின்று களவு, போலி என்று கூவுவார் குரல் சற்றுத் தாழ்தல் நன்று.

அம்மெட்ராஸ் துணியே மற்றொரு சான்றும் தருகின்றது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் அத்துணியை ‘இஞ்சிரி’ என்று போற்றுவர். கூரிய கத்தியால் அதன் இழைகளுட் சிலவற்றை அறுத்து நீக்கிப் புதிய கோலங்களை வெளிக்கொணர்வர். அதற்குப் ‘பெலெட்டே பிட்டே’ என்று பெயர். அயல்துணி இவ்வாறு தம்முடையதாகும் நிகழ்ச்சியைத் தோன்யே எரெகோசிமா, ஜோன் ஐக்கர் ஆகிய இருவரும் ஆராய்ந்து, தேர்தல், பெயரிடல், வாழ்வில் இணைத்தல், மாற்றுதல் என நான்கு படிகளைக் கூறினர். புரூக்ளினில் நான்காம் படி கத்தியால் நிகழவில்லை, சேர்க்கையால் நிகழ்ந்தது. களபாரியர் இழையைக் குறைத்தனர், இவர்கள் சின்னத்தைப் பெருக்கினர் என்பதே வேறுபாடு.

கறுப்பின மக்களுக்கு ஐவி உடை 1988இல்தான் அறிமுகமாயிற்று என்று கொள்வதும் தவறு. 1950களில் மைல்ஸ் டேவிஸ் போன்ற ஜாஸ் இசைஞர் அவ்வுடையைத் தமதாக்கி அணிந்தனர். குடியுரிமைப் போராட்டத்தின் இளந்தலைவர்களும் அணிந்தனர். கறுப்பினத்தார்க்கென அமைந்த கல்லூரிகளில் அதற்குத் தனி மரபே இருந்தது. ஜேசன் ஜூல்ஸ் 2021இல் வெளியிட்ட ‘பிளாக் ஐவி’ என்னும் நூல் இவ்வரலாற்றைப் படங்களாற் காட்டுகின்றது. ஆயினும் அம்மரபினர் உடையால் தகுதியை நிலைநாட்ட முனைந்தனர். ஒழுங்கும் அடக்கமும் அதன் பண்புகள். லோ லைஃப்ஸ் தகுதிச் சான்று எவரிடமும் வேண்டி நிற்கவில்லை. ஓர் உடை மரபிற்குள்ளேயே இவ்வாறு இரண்டு கிளைகள் பிரிதலை அந்நூலோடு வைத்து ஆராய்வார் தோன்றுதல் வேண்டும்.

டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட உட்பண்பாடு பற்றிய நூலில், இளைஞர் கூட்டங்கள் பொதுப்பொருளைத் திருடிப் புதுப்பொருள் ஏற்றும் என்றும், வணிகம் அப்புதுப்பொருளை மீண்டும் விழுங்கிச் சரக்காக்கும் என்றும் கருத்துரைத்தார். திருட்டு அவர்க்கு உருவகம். இங்கே அது நடந்த செய்தி. விழுங்குதல் எவ்வாறு நிகழ்ந்தது? 1994இல் ‘வு-டாங் கிளான்’ குழுவினரின் ‘கேன் இட் பி ஆல் சோ சிம்பிள்’ பாடற்படத்தில் ரேக்வான் ஸ்னோ பீச் மேலங்கியோடு தோன்றினார். அதுமுதல் அவ்வுடை காவியத் தகுதி பெற்றது. அதே ஆண்டில் ஸ்னூப் டாக் ‘டாமி ஹில்ஃபிகர்’ உடையணிந்து தொலைக்காட்சியில் தோன்ற, அந்நிறுவனம் ராப் இசையினரை நாடிச்சென்று வளர்ந்தது. லாரென் நிறுவனம் 1990களில் கறுப்பின உருவழகர் டைசன் பெக்ஃபோர்டை விளம்பரங்களில் நிறுத்தியது உண்மை. எனினும் தன் சின்னத்தைத் தெருவில் உயர்த்திய கூட்டத்தை நோக்கி அது அவ்வாறு கைநீட்டவில்லை. நீட்டியிருந்தால் பற்று மிகுந்திருக்கும் என்பார் கருத்து நமக்கு உடன்பாடு அன்று. அழைப்பில்லாத இடத்துக்குச் சென்று எடுத்ததனாலேயே அப்பூவுக்கு மணம் இருந்தது.

பின்னர் அந்நிறுவனமே அவ்வுடைகளைத் திரும்ப வெளியிட்டது. 1992ஆம் ஆண்டின் ‘ஸ்டேடியம்’ தொகுதி 2017இலும், ‘ஸ்னோ பீச்’ 2018இலும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. அவற்றை வேண்டத்தக்கனவாக ஆக்கியவர் யார் என்பது வாங்கியோர் பலர்க்கும் தெரியும். 2022இல் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் என்னும் கறுப்பினத்தார் கல்லூரிகளின் மரபைப் போற்றும் தொகுதி ஒன்றும் வந்தது. கல்லூரி மரபுக்குக் கிடைத்த அத்தகைய வரவேற்பைத் தெரு மரபும் பெறுவது கடினம். களவின் மேல் கட்டிய புகழை எந்த வணிகர்தாம் பட்டயம் எழுதி ஏற்பர்? ஹெப்டிஜ் கூறிய விழுங்குதல் இங்கே பாதி நிகழ்ந்தது: பொருள் திரும்பியது, வரலாறு வாயிலிலேயே நின்றுவிட்டது.

இதுகாறும் கூறியன கூட்டத்தின் சார்பாகச் செல்வன. எதிர்ப்பக்கம் எளிதன்று. வெட்சிக்கு எதிரே கரந்தை நிற்கும். கவர்ந்தவனிடமிருந்து மீட்பார் வருவர். புரூக்ளினில் மீட்க வந்தவர் கடைக்காரர் அல்லர். அவ்வுடையை விரும்பிய பிற இளைஞர். ஒரு மேலங்கியை அணிந்து தெருவில் நடத்தல் அதனைப் பறிக்க வருவார்க்கு விடுக்கும் அறைகூவல் ஆயிற்று. அடிபட்டார் பலர், சிறை சென்றார் பலர், உயிர் துறந்தாரும் உளர். அவர்கள் தாக்கியதும் தாக்கப்பட்டதும் பெரும்பாலும் தம்மைப் போன்ற இளைஞரையே, இளைஞராலேயே. மேடிசன் நிழற்சாலை மாளிகைக்கு ஏற்பட்டது சரக்கிழப்பு; பிரவுன்ஸ்வில்லுக்கு ஏற்பட்டது பிள்ளையிழப்பு. எதிர்ப்புக் கலை என்று இதனைப் பாடுவோர் இக்கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். குதிரைச் சின்னத்தின் பொருளை அவர்கள் மாற்றினர் என்று நாம் கூறினோம். ஆனால் பொருள் அரிதாயிருத்தலே அதன் மதிப்பு என்னும் அங்காடி விதியை மாற்றவில்லை. அவ்விதியைக் கடைக்காரரினும் கடுமையாகத் தெருவில் நடத்தினர்.

பிரவுன்ஸ்வில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யூதக் குடியேறிகள் நிறைந்த பகுதி. ஆல்ஃபிரட் கேசின் 1951இல் வெளியிட்ட ‘எ வாக்கர் இன் தி சிட்டி’ என்னும் நினைவு நூல் அதனைச் சித்திரிக்கும். அங்கு வாழ்ந்தோருள் உடைத் தொழிலாளர் மிகப் பலர். நகரின் உடையைத் தைத்த பகுதியில், இரண்டு தலைமுறை கழிந்தபின், வேலையற்ற இளைஞர் உடையைக் கவர்ந்து வாழ்ந்தனர். பிராங்க்ஸில் பிறந்த வண்ணம் பூசுவோர் மகன் அவ்வுடையை விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். இம்மூன்றையும் ஒரே நகர வரலாற்றின் பகுதிகளாகக் காணாது, ஒன்றை வெற்றிக் கதை என்றும் ஒன்றைக் குற்றக் கதை என்றும் தனித்தனி அலமாரியில் வைப்பது நூலக வசதியேயன்றி ஆராய்ச்சி அன்று.

தர்ஸ்டின் ஹௌல், ஒளிப்படக் கலைஞர் டாம் கூல்டு ஆகிய இருவரும் சேர்ந்து 2010களில் இக்கூட்டத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அதன் தலைப்பு ‘பரி மீ வித் தி லோ ஆன்’, அஃதாவது ‘லோ உடையோடே என்னைப் புதையுங்கள்’ என்பது. பழைய நிழற்படங்களும், இன்று நடுவயதினராகிவிட்ட உறுப்பினரின் உருவப்படங்களும், அவர்தம் வாய்மொழிகளும் அதன்கண் உள்ளன. தலைப்பை மிகைக்கூற்று என்று கொள்ளுவார் உளர். இளமையிலேயே தோழரைப் புதைத்தவர் வாயில் அது மிகை ஆகாது. உடை, அவர்க்கு உடன்வரும் பொருள். எப்பொருள் உடன்வரும் என்று கேட்டால் அவர் காட்டுவதற்கு வேறு குலமரபோ நிலமோ இல்லை. ஆகோளில் வீழ்ந்தார்க்கு நடுகல்லில் பெயரும் பீடும் எழுதப்பட்டன. இந்நூலின் பழைய படங்களில் நிற்கும் இளைஞருள் எவர் இன்று இல்லை என்பதை அறியும்போது அப்பக்கங்களைக் கையறுநிலைத் துறையிற் சேர்த்தே நாம் படிக்கின்றோம்.

படங்களில் உடைகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒவ்வோர் உடையும் வெளிவந்த ஆண்டை அறிந்தோர் இன்னும் வாழ்கின்றனர். அதனைக் கொண்டு ஒவ்வொரு படத்தின் காலத்தையும், அதில் நிற்பாரின் பெயரையும், அவர் எப்பகுதியினர் என்பதையும் நிறுவுதல் இயலும். நிறுவிய பின்னரே, கூட்டத்தின் உடையிலக்கணம் 1988 முதல் எவ்வாறு மாறியது என்பதை நாம் உறுதியாகக் கூற முடியும். அப்பணி இன்னும் செய்யப்படவில்லை.